"ஃபார்மேட் அடிச்சாச்சு" என்று சொன்னால் சி டிரைவைத் திறந்து பாருங்கள்

பிரவுசரைத் திறந்தாலே சம்பந்தமில்லாத பக்கங்கள் வந்து குதித்தன. லேப்டாப் சும்மா இருக்கும்போதும் ஃபேன் அலறியது. சர்வீஸ் கடையில் கொடுத்தேன். "ஃபார்மேட் அடிச்சு புது விண்டோஸ் போட்டாச்சு, இனி வைரஸ் பேச்சே இல்லை" என்று காசை வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, அதே கூத்து. திரும்பப் போனால் "நீங்கதான் கண்ட சைட்டுக்கும் போயிருப்பீங்க" என்று பழியை என் மேல் போட்டு, மறுபடி ஓஎஸ் போட இன்னொரு பில் என்றார்கள். கொடுக்கவில்லை. எடுத்து வந்து நானே தோண்டிப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டர். உண்மையிலேயே ஃபார்மேட் செய்திருந்தால், அதன் பிறகு விண்டோஸின் பெரிய அப்டேட் எதுவும் ஏறாதவரை அது இருக்க வழியே இல்லை. பழைய விண்டோஸை ஓரம் தள்ளிவிட்டு அதே இடத்தில் புதியதைப் போட்டால்தான் அது உருவாகும். வழக்கமாக 10 நாளில் விண்டோஸே அதை அழித்துவிடும். அதனால் பார்ப்பதென்றால் சீக்கிரம் பாருங்கள்.

வயிற்றெரிச்சல் அடுத்ததுதான். என் லேப்டாப் விண்டோஸின் 'ஹோம்' பதிப்போடு வந்தது. அதன் கீ, அதாவது லைசென்ஸ் எண், மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபெர்ம்வேர் என்ற மென்பொருளிலேயே இருக்கிறது. அதே ஹோமைப் போட்டு நெட் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். இவர்கள் கையில் இருந்த 'ப்ரோ' பதிப்பைப் போட்டுவிட்டு, அதை லைசென்ஸ் இல்லாமல் ஆக்டிவேட் செய்யக் கிராக் என்ற திருட்டு மென்பொருள் ஒன்றை ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கிராக்கை விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பிடிக்கக் கூடாதே! 'இதையெல்லாம் ஸ்கேன் செய்யாதே' என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் விதிவிலக்குப் பட்டியலில் சி டிரைவையே மொத்தமாகச் சேர்த்துவிட்டார்கள். அதாவது, வைரஸ் எடுக்கக் கொடுத்த மெஷினில் காவலையும் கழற்றிவிட்டார்கள். விதிவிலக்கை நீக்கி ஸ்கேன் செய்ததும் அந்தக் கிராக்கே முதலில் சிக்கியது.

ஓஎஸ் மாற்றினால் வைரஸ் போகாதா என்றால், ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலும் போகும். தேவையான ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டு, நல்ல நிலையில் உள்ள வேறு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை விண்டோஸ் போடுவதற்குத் தயார் செய்து, லேப்டாப்பை அதிலிருந்து பூட் செய்து (தொடங்கி), விண்டோஸ் இருக்கும் டிஸ்கின் பார்ட்டிஷன்கள் (பிரிவுகள்) எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புது விண்டோஸைப் போட வேண்டும். பேக்கப்பையும் ஸ்கேன் செய்யாமல் திரும்ப ஏற்றாதீர்கள், முக்கியமாக செட்டப் ஃபைல்களை.

"அப்படியென்றால் மதர்போர்டுலயே வைரஸ் இருக்கும், போர்டை மாத்தணும்" என்றும் கடையில் ஒரு பேச்சு வந்தது. 2018-இல் இசெட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் கண்டுபிடித்த லோஜாக்ஸ் என்ற வைரஸ் அப்படிப்பட்டதுதான், ஹார்டு டிஸ்கையே மாற்றினாலும் போகாது. ஆனால் அது அரசு அலுவலகங்களைக் குறிவைத்த உளவு வேலை. விளம்பரப் பக்கம் காட்டும் வைரஸுக்கு போர்டு மாற்றச் சொன்னால், எந்த ஸ்கேனில் தெரிந்தது என்று கேளுங்கள். என் கேள்விக்குப் பதில் வரவில்லை, பணமும் வரவில்லை.

அப்புறம், குரோம் பிரவுசரில் சிங்க் (கூகுள் கணக்கோடு ஒத்திசைவு) போட்டிருந்தால், அதே கணக்கில் நுழைந்து சிங்க் ஆனதும் புது விண்டோஸிலும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரோடு சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) தானாக வந்து உட்காரும். தெரியாததை முதலில் நீக்குங்கள். ஏற்கெனவே திருடுபோன பாஸ்வேர்டுகளை எந்த ஃபார்மேட்டும் மீட்காது. அவற்றை வேறொரு கருவியிலிருந்து மாற்றி, எல்லா இடத்திலும் லாக் அவுட் கொடுத்துவிடுங்கள்.