உறைந்த தோளும் பாகைமானியும்: பிசியோதெரபியில் என் 14 மாதங்கள்

நான் கணக்கு டீச்சர். கரும்பலகையின் மேல்பாதி எனக்கு எட்டாமல் போனதைப் பிள்ளைகள்தான் முதலில் கவனித்தார்கள். "ஏன் டீச்சர் கீழயே எழுதுறீங்க?" வலது தோள். இரண்டு மாதம் தைலம், சுளுக்கு நீவல் என்று ஓட்டிவிட்டு எலும்பு மருத்துவரிடம் போனேன். உறைந்த தோள் என்றார். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடுகிறதாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருமாம். எனக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை.

முதலில் போன பிசியோதெரபி மையத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்து நாள், தினமும் 15 நிமிடம் தோளில் பட்டை ஒட்டிக் கரண்ட் வைத்தார்கள். குறுகுறுவென்று சுகமாகத்தான் இருந்தது. கையை யாரும் தொட்டு அசைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது இடத்தில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது. வந்ததும் பாகைமானி மாதிரி ஒன்றை எடுத்துத் தோளில் வைத்து, கையை முன்பக்கம் தூக்கச் சொன்னார். அதற்குப் பெயர் கோனியோமீட்டராம். காலமெல்லாம் பாகைமானி பிடித்தவளுக்கு அதைப் பார்த்ததும் வந்த தெம்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். 85 பாகை. நல்ல தோள் 180 வரை போகும். "வாரம் மூணு நாள் இங்க வந்தாப் போதும் டீச்சர். மீதி வேலை உங்க வீட்டுச் சுவர்லதான்."

வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து வலது கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். முதுகு தேய்ப்பதுபோலத் துண்டைப் பின்னால் பிடித்து இழுக்க வேண்டும். பிறகு சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்ற வேண்டும். விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவேன்.

மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வலி இரவில்தான் ஆடும். மூன்று மணி நேரத் தூக்கத்தோடு வகுப்புக்குப் போய், ஒன்றுமில்லாததற்குப் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். ரவிக்கைக் கொக்கியை வீட்டுக்காரர் மாட்டிவிட்ட நாட்களில் குளியலறையில் அழுதிருக்கிறேன். வெட்கமில்லை, ஆத்திரம். அந்தப் பெண் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "வலிச்சா உள்ள கிழிஞ்சிடுச்சுன்னு அர்த்தமில்ல. அரைமணியில அடங்கினாச் சரி. ராத்திரி முழுக்க இழுத்தா மறுநாள் குறைச்சுக்குங்க" என்றார். கைக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கவும் காட்டிக்கொடுத்தார். வலி போக மாதங்கள் ஆயின. பயம் அந்த வாரமே போய்விட்டது. தூக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

நான்காம் மாதம் கோடு மூன்று வாரம் நகரவே இல்லை. விட்டுவிடலாம் என்றிருந்தபோது மருத்துவர் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாள் சர்க்கரை தாறுமாறாக ஏறியது, ஆனால் கோடு ஏறத் தொடங்கியது. ஒன்று முதல் மூன்று வருடத்தில் பெரும்பாலும் தானாகவே இளகும் நோய்தான் இது என்பதால் முழுப் பெருமையையும் பிசியோவுக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கோடுகள் இல்லாமல் நான் பொறுத்திருந்திருப்பேனா, சந்தேகம்தான்.

ஒரு தடவைக்கு 300 ரூபாய். நாற்பது தடவை போயிருப்பேன். இப்போது 165 பாகை. கொக்கி நானே மாட்டுகிறேன், கடைசி ஒன்றுக்கு மட்டும் இன்னும் மல்லுக்கட்டு.

போன வாரம் இடது தோளில் லேசாகக் குத்தியது. தைலத்தைத் தேடவில்லை. அன்று சாயங்காலமே போய் அளந்துகொண்டு வந்தேன். 170.