கைவேலை என்று விற்ற சீனப் பந்து: 5க்கு 2

31 வருஷமாக சௌகார்பேட்டையில் நகைக்குக் கல் பதிக்கிறேன். பந்துக்குள் பந்து, அதற்குள் இன்னொன்று என்று தனித்தனியாகச் சுழலும் சீனத்துத் தந்தப் பந்தைப் பற்றிப் பட்டறையில் சேர்ந்த புதிதில் முதலாளி சொல்லிக் கேட்டது. போன மாதம் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கிப்ட் கடையில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்ததும் பேரம்கூடப் பேசாமல் 2,400 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். "ரெசின்தான் சார், ஆனா முழுக்கக் கையால செதுக்கினது, 7 அடுக்கு" என்றார் கடைக்காரர்.

ரெசின், அதாவது பிளாஸ்டிக் மாதிரிப் பொருள், என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. தந்த வியாபாரம் நம் நாட்டில் எப்போதோ தடை. சீனாவிலும் 2017 முடிவோடு மூடிவிட்டார்கள். யானை நன்றாக இருக்கட்டும். எனக்கு வேண்டியது வேலைப்பாடு.

ராத்திரி 10 மடங்கு லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பந்தின் நடுவே மயிரிழை கனத்தில் ஒரு கோடு சுற்றி ஓடுகிறது. அந்த இடத்தில் டிராகனின் செதில் இரண்டாகி, ஒரு நூல் விலகி ஒட்டியிருக்கிறது. இரண்டு பாதியாக அச்சில் வார்த்து ஒட்டின சரக்கு. ஊக்கை விட்டுத் தள்ளினால் சுழல்வது 3 அடுக்குதான். உளி பட்ட தடம் எங்குமே இல்லை. முனையெல்லாம் தேய்ந்த சோப்பு மாதிரி மழுங்கல்.

இந்தப் பந்துக்குப் பேர்போன தென்சீன நகரம் குவாங்சோ. அந்த ஊர் ஆட்களின் முறையே வேறு. ஒரே உருண்டை. சுற்றிலும் மையத்தை நோக்கிக் கூம்பாகத் துளை போடுவார்கள், வழக்கமாக 14. அதன் வழியே முனை வளைந்த உளியை நுழைத்து, முதலில் நட்டநடுவில் இருக்கும் சின்னப் பந்தை அறுத்துப் பிரிப்பார்கள். பிறகு ஒவ்வொரு அடுக்காக வெளியே வருவார்கள். உள்ளே கண் எட்டாது. உளி எங்கே நிற்கிறது என்பது கைக்குத்தான் தெரியும். கல் உட்கார்ந்ததா இல்லையா என்று விரல் நுனியில் தெரிந்துகொள்கிற எனக்கு, அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

அந்தப் பக்கத்துக் கைகளைத்தான் அப்போது சீனாவை ஆண்ட சிங் (Qing) வம்ச அரசர்கள் பெய்ஜிங் அரண்மனைப் பட்டறைக்கு வரவழைத்தார்கள். அவர்களில் ஒருவர் சென் சூசாங். தந்தம் செதுக்குகிறவர், 1737இல் ஒரு ஆலிவ் கொட்டையைப் படகாக்கினார். நீளம் 3.4 செ.மீ., உயரம் 1.6. அதில் 8 பேர், திறந்து மூடுகிற ஜன்னல்கள். அடிப்பக்கத்தில் பழைய சீனக் கவிஞர் சு ஷியின் பாட்டு, 300 எழுத்துக்கு மேல். இன்றும் தைவானில் தைப்பே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பந்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பில்லில் 'அலங்காரப் பொருள்' என்றுதான் போட்டிருக்கிறது, வாபஸ் இல்லை என்றார்கள். ஷோகேஸில் வைக்க அழகுதான். அந்த 2 மதிப்பெண் அதற்கு. 600 ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்கலாம். கைவேலை என்று சொல்லி அதிகம் கேட்டால், ஒரு லென்ஸ் வைத்து நடுக்கோட்டைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.