ஆறரை ஆண்டுகளில் 19 பல்புகள்: எங்கள் வீட்டு எல்இடி விளக்குகள் ஏன் அடிக்கடி ஃபியூஸ் ஆயின?

2019 ஜனவரியில், வீட்டில் மிச்சமிருந்த சிஎஃப்எல் விளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு, பதினான்கு இடங்களிலும் 9 வாட்ஸ் எல்இடி பல்புகளை மாட்டினோம். பெட்டியில் ஆயுள் 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் வரவேண்டிய கணக்கு அது. எட்டாவது மாதத்திலேயே போர்டிகோ பல்பு போயிற்று. அதை மாற்றியபோது புதிய பல்பின் கழுத்தில் மாதத்தையும் ஆண்டையும் மார்க்கர் பேனாவால் எழுதி மாட்டினேன். அன்று தொடங்கிய அந்தப் பழக்கத்தால்தான் இதை உறுதியோடு எழுத முடிகிறது.

2025 ஜூன் வரை 19 பல்புகள் போயிருக்கின்றன. எந்த நிறுவனத்தின் பல்பு அதிகம் போயிற்று என்று முதலில் பிரித்துப் பார்த்தேன். மூன்று நிறுவனங்களின் பல்புகளும் கலந்தே போயிருந்ததால் அதில் ஒன்றும் தெளிவாகவில்லை. மாட்டியிருந்த இடத்தை வைத்துப் பிரித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: போர்டிகோவில் 5, மாடி அறைகள் இரண்டிலும் சேர்த்து 9, குளியலறையில் 3, படிக்கட்டில் 2. மற்ற இடங்களில் ஒன்றுகூடப் போகவில்லை. கூடத்தில் நாள்தோறும் ஆறு மணி நேரம் எரியும் பல்பு 2019-இல் மாட்டிய அதே பல்புதான். ஏறத்தாழ 14,000 மணி நேரம் எரிந்த பிறகும் நன்றாகவே இருக்கிறது.

போர்டிகோவில் எங்களுடையது நாற்புறமும் மூடிய கண்ணாடிக் குடுவை. பூச்சி நுழையாது, மழைச் சாரல் படாது என்று விரும்பி வாங்கியது. மாலை ஆறு மணி முதல் விடியும் வரை உள்ளே பல்பு எரியும். குண்டு பல்புக்கு அந்த வெப்பம் ஒரு பொருட்டல்ல, அது வெப்பத்தாலேயே ஒளிர்வது. எல்இடி பல்பின் கழுத்துக்குள்ளோ, 230 வோல்ட் மின்சாரத்தைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் டிரைவர் எனப்படும் சிறு சுற்று இருக்கிறது. நான் கழற்றிப் பார்த்த போர்டிகோ பல்புகளில் ஒளி உமிழும் சில்லுகளில் ஒரு குறையும் இல்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்தபோது ஒவ்வொன்றும் பளிச்சென்று எரிந்தது. டிரைவரில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சீராக விடும் கெப்பாசிட்டர் என்ற சிறு உருளையின் தலைதான் உப்பிப் புடைத்திருந்தது. அதற்குள் இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல வற்றிப்போகும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. பெட்டியில் அச்சிடும் மணிக்கணக்கோ பொதுவாகச் சில்லின் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறைய எவ்வளவு காலம் ஆகும் என்பதையே குறிக்கிறது. டிரைவர் அதற்கு முன்பே செத்துவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மூடிய விளக்குக் கூட்டுக்குள் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கை நான் வாங்கிய ஒரு பெட்டியின் பக்கவாட்டில் மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. அதைப் பெரிய எழுத்தில் அல்லவா போட்டிருக்க வேண்டும்? 2022 மார்ச்சில் குடுவையை அகற்றிவிட்டு, கீழ்ப்புறம் திறந்த ஷேடு ஒன்றை மாட்டி, அதில் 5 வாட்ஸ் பல்பைப் போட்டேன். மூன்றே கால் ஆண்டுகளாக அது இரவு முழுவதும் எரிந்துகொண்டிருக்கிறது. வெளிச்சம் சற்றுக் குறைவுதான், ஆனால் வாசலுக்குப் போதும்.

மாடிக் கதை வேறு. அங்கே போன பல்புகளைத் திறந்து பார்த்தால் கெப்பாசிட்டர் ஒழுங்காக இருந்தது. சில்லுகளில் ஏதோ ஒன்றில் மட்டும் மிளகளவுகூட இல்லாத ஒரு கரும்புள்ளி தெரிந்தது. திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் செட்டைப் போலச் சில்லுகளெல்லாம் வரிசையாக ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், ஒன்று கருகினால் முழுப் பல்பும் அணைந்துவிடும். ஒன்பது பல்புகளும் 2020-க்கும் 2022-க்கும் இடையே போனவை. காரணத்தைக் காட்டிக் கொடுத்தது மாடிப் படுக்கையறையில் இரவு விளக்காக இருந்த பழைய சீரோ வாட்ஸ் பல்பு. கீழே சமையலறையில் மிக்சியோ கிரைண்டரோ ஓடும்போதெல்லாம் அது மங்குவதற்குப் பதிலாகப் பிரகாசமாயிற்று, பக்கத்தில் மின்விசிறியும் வேகமெடுத்தது. இதை என் மனைவிதான் முதலில் கவனித்தார். எலக்ட்ரீஷியனிடம் சொன்னதும், "அப்படின்னா நியூட்ரல் லூசா இருக்கும் சார்" என்று கேட்ட மாத்திரத்தில் சொன்னார்.

எங்களுடையது த்ரீ ஃபேஸ் இணைப்பு, அதாவது ஃபேஸ் எனப்படும் மூன்று கம்பிகளில் மின்சாரம் வரும். சமையலறை ஒரு ஃபேஸிலும் மாடி வேறொரு ஃபேஸிலும் இருக்கின்றன. மின்சாரம் திரும்பிச் செல்ல மூன்றுக்கும் பொதுவாக உள்ள நியூட்ரல் கம்பி தளர்ந்துவிட்டால், சுமை அதிகமுள்ள ஃபேஸில் வோல்டேஜ் இறங்கி, சுமை குறைந்த ஃபேஸில் ஏறிவிடும். அன்று கிரைண்டர் ஓடியபோது சமையலறையில் 205 வோல்ட், மாடியில் 262 வோல்ட் என்று மீட்டர் காட்டியது. மெயின் சுவிட்ச்சில் நியூட்ரல் முனை கருகிக் கிடந்தது. நியூட்ரல் முழுவதுமாக அறுந்திருந்தால் ஏதேனும் ஒரு ஃபேஸில் 400 வோல்ட் வரைகூட ஏறி, பல்போடு குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் சேர்ந்தே போயிருக்கும். இதை நினைத்தால் இன்றும் பதறுகிறது. வீட்டில் ஒரே பகுதியில் பல்புகள் தொடர்ந்து போனால், அடுத்த பல்பை வாங்கும் முன் தயவுசெய்து உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து நியூட்ரலைச் சோதித்துவிடுங்கள்; மெயின் போர்டை நீங்களே திறக்காதீர்கள். முனையை மாற்றி முறுக்கிய பின் மாடியில் ஒரு பல்பும் போகவில்லை.

குளியலறையில் குற்றவாளி பழைய ஹோல்டர். பின்களின் ஸ்பிரிங் தளர்ந்து, கரி படிந்து, பல்பைத் தொட்டாலே மினுக்கியது. புது ஹோல்டர் மாட்டியதோடு அது சரியாயிற்று.

நிறுவனங்கள் வேண்டுமென்றே கெடும்படி செய்கின்றன என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அதில் வரலாற்று உண்மை இருக்கிறது. 1924-இல் ஜெனீவாவில் கூடிய பெரிய பல்பு நிறுவனங்கள், குண்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குள் கட்டுப்படுத்த ஒப்பந்தமே செய்துகொண்டன. மீறியவர்களுக்கு அபராதமும் விதித்தன. எல்இடியில் அத்தகைய ஒப்பந்தம் தேவைப்படுவதில்லை. குறைந்த எண்ணிக்கையில் சில்லுகளை வைத்து, அவற்றின் வழியே அதிக மின்னோட்டத்தைச் செலுத்தினால் விலை குறையும், வெப்பம் கூடும், ஆயுள் தானே குறையும். 2016-இல் துபாய் நகராட்சிக்காக பிலிப்ஸ் உருவாக்கிய பல்பில் இதற்கு நேர்மாறாகச் சில்லுகளைக் கூட்டி, ஒவ்வொன்றையும் மிதமாக எரியவைத்தார்கள். அப்படியொரு பல்பு நம் கடைகளிலும் சாதாரணமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

போன 19 பல்புகளில் 11-ஐ இரண்டு ஆண்டு உத்தரவாதத்தில் மாற்றி வாங்கினேன். கடைச் சீட்டின் எழுத்து சில மாதங்களில் அழிந்துவிடுவதால் வாங்கிய அன்றே அதைப் படமெடுத்துக்கொள்வேன்.

இப்போது மீதமிருப்பது படிக்கட்டு விளக்கு. அதன் சுவிட்ச்சில் இருட்டில் மினுங்கும் சிறு சிவப்பு இண்டிகேட்டர் உண்டு. சுவிட்ச்சை அணைத்த பிறகும் அதன் வழியே கசியும் மின்சாரம் டிரைவரில் சேர்ந்து, சில நொடிகளுக்கு ஒருமுறை பல்பை லேசாக வெட்டவைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பல்புகள் போனதற்கும் அதுவே காரணமாக இருக்கும் என்று கருதி, இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச்சாக மாற்றிவிட்டேன். வெட்டுவது நின்றுவிட்டது. புதிய பல்பின் கழுத்தில் 2025 ஜூன் என்று எழுதி மாட்டியிருக்கிறேன்.