எஸ்.டி.கியூ வினாத்தாள்: வகுப்பறையில் எவ்வளவு உதவுகிறது?

மாணவர்களின் மனநலத்தை அறியக் கணக்கெடுப்பு நடத்த விரும்பும் பள்ளிகள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது, பிள்ளைகளின் பலங்களையும் சிக்கல்களையும் கேட்டறியும் எஸ்.டி.கியூ (Strengths and Difficulties Questionnaire) வினாத்தாள்தான் என்பது, எங்கள் பள்ளியில் அதைப் பயன்படுத்திய பிறகு எனக்கு ஏற்பட்டிருக்கும் உறுதியான கருத்து. பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட இதில் இருப்பவை 25 கூற்றுகள் மட்டுமே. கடந்த ஆறு மாதங்களை நினைத்துப் பார்த்து, ஒவ்வொரு கூற்றும் தனக்குப் பொருந்தாதா, ஓரளவு பொருந்துமா, நிச்சயமாகப் பொருந்துமா என்று மாணவர் குறியிட வேண்டும்; பாதிப் பாடவேளைகூட ஆகாது. தமிழ் வடிவமும் உண்டு. அச்சுத்தாளாகப் பள்ளிகள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சொற்களை மாற்றவோ, அனுமதியின்றி இணையப் படிவமாக்கவோ கூடாது.

இதன் பெரிய பலம், 11 முதல் 17 வயது வரையிலான மாணவர் தாமே நிரப்பும் தாளோடு, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனித் தாள்கள் இருப்பது. வகுப்பில் சத்தம் போடும் பிள்ளையை ஆசிரியர் தாள் தவறாமல் காட்டிவிடுகிறது. கடைசி பெஞ்சில் யாருக்கும் தொந்தரவில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கவலையோ அவர் கைப்பட நிரப்பிய தாளில்தான் தெரிகிறது. அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி வருமா என்று கேட்கும் கூற்று உணர்ச்சிச் சிக்கல்களின் கணக்கில் சேர்வதைப் பார்த்த பிறகு, விடுப்புக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் ‘வயிற்றுவலி’யை நான் வேறு கண்ணோடு படிக்கிறேன்.

மதிப்பெண் முறையில்தான் எச்சரிக்கை தேவை. உணர்ச்சி, நடத்தை, அமைதியின்மை, சக மாணவர் உறவு ஆகிய நான்கு பகுதிகளின் சிக்கல் மதிப்பெண்களைக் கூட்டினால் அதிகபட்சம் 40; பிறருக்கு உதவும் இயல்பைக் காட்டும் ஐந்தாம் பகுதி அதில் சேராது. மாணவர் தாளில் 20 அல்லது அதற்கு மேல் வந்தால் சிக்கல் அதிகம் என்னும் பழைய எல்லை, பிரிட்டன் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அதில் வருமாறு வகுக்கப்பட்டது. அதை அப்படியே நம் பிள்ளைகள்மேல் பொருத்தி, இன்னாருக்கு நோய், இன்னாருக்கு இல்லை என்று பிரிப்பது தவறு. தன் வயதினரைவிடப் பெரியவர்களோடு நன்றாகப் பழகுவதும் சிக்கல் கணக்கில் ஏறுகிறது. பாட்டியும் அத்தையும் உடனிருக்கும் வீட்டில் வளரும் ஒரு பெண்ணுக்கு அது குறையே அல்ல.

பெயர் எழுதச் சொல்லலாமா என்ற கேள்வி எல்லாப் பள்ளிகளிலும் எழும். 2022இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.) நாடு முழுவதும் ஏறத்தாழ 3.79 லட்சம் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், படிப்பும் தேர்வும் முடிவுகளுமே பதற்றத்துக்குக் காரணம் என்று 81 விழுக்காட்டினர் கூறினர். கொள்கை வகுப்போருக்குப் பெயர்கள் தேவையில்லை, அந்த எண் போதும். ஒரு பள்ளிக்கோ, எந்தப் பிள்ளையிடம் போய்ப் பேசுவது என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே பெயர் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் தாள்களை யார் படிப்பார்கள் என்பதை மாணவரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். வகுப்பாசிரியர் கண்முன்னே தாளைப் புரட்டிப் பார்ப்பார் என்று தெரிந்தால், எந்தப் பிள்ளையும் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்றுதான் குறியிடும். ஒட்டிய உறையில் வாங்கி, ஆலோசகர் ஒருவர் மட்டுமே பிரிப்பது நல்லது.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி இந்தத் தாள் நேராக எதுவும் கேட்பதில்லை; எனவே குறைந்த மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. அதிக மதிப்பெண் பெற்றவரோடு அந்த வாரத்துக்குள் தனியாக உட்கார்ந்து பேச ஆளும், தேவைப்பட்டால் அனுப்பிவைக்க மருத்துவமனையின் மனநலப் பிரிவோ அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணோ தயாராக இல்லாத பள்ளி, அந்த ஏற்பாடுகளைச் செய்து முடிக்கும் வரை இந்த வினாத்தாளை வகுப்பில் கொடுக்க வேண்டாம்.