அலாரமா, கொக்கியா, காலண்டர் டிக்கா? புதுப் பழக்கம் எதில் ஒட்டும்

தினமும் பத்து நிமிடம் நடப்பது, இரண்டு பக்கம் படிப்பது, முதுகை வளைத்து நிமிர்த்துவது என்று ஆசை எதுவானாலும் அதை நடத்திக்காட்ட எல்லோரும் எடுக்கும் வழி பெரும்பாலும் மூன்றுதான். போனில் அலாரம் வைப்பார்கள், ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையைக் கொக்கியாக்கி அதில் மாட்டிவிடுவார்கள், அல்லது காலண்டரில் டிக் போட்டு எண்ணுவார்கள். மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் ஒப்படைப்பதில்தான் பல முயற்சிகள் கவிழ்கின்றன.

அலாரம்

வைக்க அரை நிமிடம் போதும். முதல் வாரம் அமர்க்களமாக வேலை செய்யும். ஆனால் அது அடிக்கும்போது நீங்கள் எதில் மூழ்கியிருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. கையில் பாதி வேலை இருக்கும். "இதை முடிச்சிட்டுப் போகலாம்" என்று விரல் அணைத்துவிடும். பத்து நாள் இப்படிப் போனால் ஒரு பழக்கம் உறுதியாக வந்திருக்கும்: அலாரத்தை அணைக்கும் பழக்கம்.

இன்னொரு குறையும் உண்டு. பழக்கச் செயலிகளை வைத்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், நினைவூட்டல் வந்தவர்கள் வேலையை ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஆனால் அது தானாக வரும் அளவுக்கு ஊறுவதற்கு அதே நினைவூட்டல் தடையானது. ஞாபகம் வைக்கும் பொறுப்பைப் போன் எடுத்துக்கொண்டால் மூளை ஏன் மெனக்கெடப்போகிறது?

எட்டு மணி நேரத்துக்கு ஒரு மருந்து, வாரம் ஒரு பேக்கப் போன்றவற்றுக்கு அலாரம்தான் சரி. கடிகாரம் பார்த்தே ஆகவேண்டிய வேலைக்குக் கடிகாரம்.

கொக்கி

தினசரிப் பழக்கத்துக்கு எங்கள் ஓட்டு இதற்கே. "இது முடிந்ததும் அது" என்று ஒரே வாக்கியம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்த "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" வகைத் திட்டத்தின் நெருங்கிய உறவு.

வெற்றியும் தோல்வியும் கொக்கியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. "சாப்பிட்ட பிறகு" என்பது கொக்கியே அல்ல. சாப்பாடு எப்போது முடிகிறது? மேசையிலேயே உட்கார்ந்து பேச்சு நீளும். "தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும்" என்றால் ஈரக்கையைத் துடைக்கும் அந்த நொடி தெளிவாக இருக்கிறது. விடுமுறை நாளிலும் தப்பாமல் நடக்கும் வேலையாகப் பாருங்கள். வெளியூர் போகும்போது வீட்டுக் கொக்கிகள் காணாமல்போகும். பல் தேய்ப்பது மட்டும் கூடவே வரும்.

புதிய வேலையைக் கொக்கிக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வையுங்கள். பல்லிடுக்கு நூல் பற்றி 2013-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில் பாதிப் பேர் பல் தேய்க்கும் முன்பும் மீதிப் பேர் தேய்த்த பின்பும் நூலைப் பயன்படுத்தினார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பின்னால் செய்தவர்களிடமே பழக்கம் அழுத்தமாக நின்றிருந்தது.

அளவு, அலுப்பான நாளிலும் முடிகிற அளவு: ஒரு பக்கம், இரண்டு தண்டால். அதற்கு வேண்டிய பொருள் கைக்கெட்டும் தூரத்தில். அலமாரியில் இருக்கும் புத்தகத்தைவிடத் தலையணை மேல் கிடக்கும் புத்தகம் படிக்கப்படும்.

அடிக்கடி நடக்கும் தவறு, ஒரே கொக்கியில் நாலைந்தைத் தொங்கவிடுவது. முதலாவது நழுவினால் மற்றதும் சேர்ந்து விழும். ஒன்று யோசிக்காமல் வர ஆரம்பித்த பிறகு அடுத்ததை மாட்டுங்கள்.

காலண்டர் டிக்

இது அளவுகோல், இயக்கும் விசை அல்ல. தொடக்க வாரங்களில் உற்சாகம் தரும், மறுப்பதற்கில்லை. ஆபத்து தொடர் எண்ணிக்கையில். 46 நாள் விடாமல் செய்தவர் 47-ஆம் நாள் தவறினால் செயலி பூஜ்யம் காட்டும்; அத்தோடு பலர் கைகழுவிவிடுகிறார்கள்.

உண்மையில் எதுவும் பூஜ்யமாவதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் ஊறுவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஊற ஆகும் காலத்தைக் கணக்கிட்டபோது நடு மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஊரெல்லாம் சொல்லும் 21 நாள் கணக்கு, முகம் மாற்றிக்கொண்டவர்கள் அந்த முகத்துக்குப் பழக ஆன காலத்தை வைத்து ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அவரும் "குறைந்தது" என்றுதான் எழுதினார்.

டிக் போடுவதானால் தொடரை எண்ணாதீர்கள். 30 நாளில் எத்தனை என்று எண்ணுங்கள். 20-க்குக் கீழே போனால் கொக்கி சரியில்லை என்று பொருள். அதை மாற்றுங்கள், இலக்கைக் கூட்டாதீர்கள்.

இவையெல்லாம் புதிதாகச் சேர்க்கும் பழக்கத்துக்கு. விடவேண்டிய பழக்கத்துக்கு இந்த மூன்றுமே அவ்வளவாக உதவாது. படுக்கையில் போன் பார்ப்பதை நிறுத்த அலாரமும் வேண்டாம், டிக்கும் வேண்டாம். சார்ஜரைக் கழற்றி அடுத்த அறையில் மாட்டுங்கள்.