ஸ்வாகோப்முண்ட் சைக்கிள் சுற்றுலா: பணம் கட்டுமுன் வண்டியையும் வழியையும் பாருங்கள்

நமீபியாவின் ஸ்வாகோப்முண்டில் வழிகாட்டியோடு மொண்டேசா என்ற குடியிருப்புப் பகுதியைச் சைக்கிளில் சுற்றிக்காட்டுவதாகச் சொல்லி, பாதிப் பயணத்தை மட்டும் தந்து முழுப் பணம் வாங்குகிறார்கள். ஆள் பெயர் சொல்லிப் பயனில்லை, நாளைக்கு வேறு பலகை மாட்டிக்கொள்வார்கள். முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தருவதாகப் பேசுவது மூன்று மணி நேரப் பயணம்: 1950களில் நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களைக் குடியமர்த்திய மொண்டேசா, அதையடுத்த தகரக் குடிசைப் பகுதி, உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீடு, மோபனே மரத்தில் வாழும் கம்பளிப்புழு உட்பட ருசி பார்க்கச் சாப்பாடு. கிடைப்பதோ கலங்கரை விளக்கம், 1905இல் எழுந்த வோர்மன் மாளிகை, 1912இல் கட்டத் தொடங்கிய இரும்பு இறங்குதுறை. இவற்றைக் காசில்லாமல் நடந்தே பார்க்கலாம். கேட்டால் “மூடுபனி, அந்தப் பக்கம் போக முடியாது” என்பார்கள். பெங்குவேலா குளிர் நீரோட்டம் ஓடும் இந்தக் கரையில் காலை மூடுபனி வாடிக்கை. அது ஒரு காரணமே இல்லை.

இடையில் கைவினைச் சந்தைப் பக்கம் ஒரு நிறுத்தம். ஒருவர் பேச்சுக்கொடுத்துப் பெயர் கேட்பார். மகலானிப் பனங்கொட்டையில் அதைச் செதுக்கி நீட்டி, “இனி இதை வேறு யாரிடம் விற்பேன்?” என்று பணம் கேட்பார். வழிகாட்டிக்குச் சரியாக அந்நேரம் போன் வந்துவிடும். பெயரைச் சொல்லாமல் நகர்ந்துவிடுங்கள்.

பணத்தைவிட மோசம் வண்டி. உப்புக் கலந்த ஈரக்காற்று செயினையும் கேபிளையும் தின்றுவிடும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். செயின் கண்ணி மடங்காமல் துள்ளினால் வேறு வண்டி கேளுங்கள். பிரேக் பிடியை அழுத்தி, விட்டுப் பாருங்கள். பிடி மெதுவாகத் திரும்பினால் உறைக்குள் கேபிள் துருப்பிடித்திருக்கிறது, இறக்கத்தில் அது பிடித்தபடியே நிற்கும் அல்லது பிடிக்கவே பிடிக்காது. எந்தக் கைப்பிடி முன் பிரேக் என்பதையும் நின்றபடியே பாருங்கள். சீட் தண்டு குழாயோடு இறுகிப்போய் உயரம் மாற்ற முடியாத வண்டிகள் நிறைய. அதில் மூன்று மணி நேரம் மிதித்தால் முழங்கால் போய்விடும்.

குழுவுக்கு ஒரு பம்பு, டயர் கழற்றும் நெம்பி, மாற்று ட்யூப் வழிகாட்டியின் பையில் இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் பஞ்சரானால் தள்ளிக்கொண்டு திரும்புவதும் நீங்கள்தான், “சேதக் கட்டணம்” தருவதும் நீங்கள்தான். ஏறுமுன் வண்டியை இருபுறமும் படமெடுத்து வையுங்கள்.

சாதாரண டயரில் மணல்மேட்டுக்குக் கூடுதல் காசுக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். 4 அங்குல அகல டயர், மிகக் குறைந்த காற்று, இரண்டும் இல்லாவிட்டால் சக்கரம் புதையும். சரளைச் சமவெளியில் பாதை விட்டு விலகினால் லைக்கன் என்னும் பாசி போன்ற உயிர்ப்படிவு நசுங்கும், அந்தத் தடம் பல்லாண்டுகள் அழியாது.

கார்டு இயந்திரம் “வேலை செய்யவில்லை” என்று ரொக்கம் கேட்பார்கள். தென்னாப்பிரிக்க ரேண்ட் கொடுத்தால் ஒன்றுக்கு ஒன்று செல்லும், மீதி நமீபிய டாலரில் வரும். தென்னாப்பிரிக்கக் கடைகளில் அந்த டாலர் செல்லாது. சரியான சில்லறை வைத்திருங்கள்.

நமீபியச் சுற்றுலா வாரியப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மொண்டேசா உட்பட வழி, நேரம், ஹெல்மெட், பஞ்சர் செலவு யாருடையது, எல்லாம் எழுத்தில் வேண்டும். பாதிப் பணம் முடிவில் கொடுங்கள். குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து மணலை வாரியடிக்கும் வெப்பக்காற்று வீசும் நாளில் ரத்து செய்வது நியாயம்தான். அன்று வேறு நாளா, பணமா என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.