அம்மா விழாமல் இருக்க: வாக்கிங்கா, ஒடாகோவா, டாய் சியா?

அம்மாவுக்கு 79 வயது. காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்துகொண்டிருக்கும்போது "கேஸ் சொல்லியாச்சாம்மா?" என்று கேட்டால் போதும், அப்படியே நின்றுவிடுவார். பதில் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி வைப்பார். வயசானா அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன். போன மார்கழியில் குளியலறை வாசலில் விழுந்து மணிக்கட்டு உடைந்த பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஸ்வீடனில் 1997-லேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள். முதியோர் குடியிருப்பில் இருந்த 58 பேரிடம் நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள்; 12 பேர் பேசுவதற்காக நடையை நிறுத்தினார்கள்; அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த 6 மாதத்துக்குள் விழுந்திருக்கிறார்கள். படித்ததும் வயிற்றைக் கலக்கியது. நடப்பதற்கே மூளை முழுக்கச் செலவாகிவிட்டால், பேச்சுக்கு எதுவும் மிஞ்சாது.

சரி, என்ன செய்யலாம்? நம் ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்வது வாக்கிங். சர்க்கரைக்கு, இதயத்துக்கு, தூக்கத்துக்கு நல்லதுதான், நிறுத்தவே வேண்டாம். ஆனால் விழாமல் இருக்க அது மட்டும் போதாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் என்ற அமைப்பு 108 ஆய்வுகளை அலசி 2019-இல் வெளியிட்ட தொகுப்பில், சமநிலைப் பயிற்சி செய்தவர்கள் விழுவது சுமார் 24% குறைந்திருக்கிறது, வெறும் நடைக்கு அப்படி உறுதியாகச் சொல்லச் சான்று இல்லை. யோசித்தால் புரிகிறது. நேர்ரோட்டில் நடப்பவர் விழுவது திரும்பும்போது, குனிந்து எடுக்கும்போது, ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது. அதற்கெல்லாம் வாக்கிங்கில் பழக்கமே கிடைப்பதில்லை.

ஒடாகோ என்பது நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சி. பிசியோவோ நர்ஸோ வீட்டுக்கு வந்து, அந்த ஆளின் பலத்துக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். கணுக்காலில் எடை கட்டிக் காலைத் தூக்குவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, குதிகாலும் விரலும் ஒட்ட அடி வைப்பது, பின்னால் நடப்பது. வாரம் 3 நாள், அரை மணி நேரம், கூடவே 2 நாள் நடை. 1,016 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2002 ஆய்வில் விழுவதும் அடிபடுவதும் 35% குறைந்தன, 80 தாண்டியவர்களுக்குத்தான் பலன் அதிகம். எனக்கு இதில் பிடித்தது, ஆட்டோ பிடித்து எங்கேயும் போக வேண்டாம், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டே செய்யலாம். கஷ்டம் என்னவென்றால், தனியாகச் செய்கிறவருக்கு நாலு வாரத்தில் சலித்துவிடும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

டாய் சி வேறு மாதிரி, சீனாவிலிருந்து வந்த நிதானமான அசைவுப் பயிற்சி. மெதுவாக உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவதுதான் அதன் உயிர். அமெரிக்காவின் ஓரிகனில் 70 தாண்டிய 670 பேரிடம் 24 வாரம் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள், நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களைவிட இவர்கள் விழுந்தது 58% குறைவு, பலவகைப் பயிற்சிகளைக் கலந்து செய்தவர்களைவிட 31% குறைவு. இந்த 58-ஐயும் அந்த 35-ஐயும் பக்கத்தில் வைத்து டாய் சிதான் ஜெயித்தது என்று முடிவு கட்டாதீர்கள். யாரோடு ஒப்பிட்டார்கள் என்பது இரண்டிலும் வேறு. கோக்ரேன் தொகுப்பில் டாய் சிக்குக் கிடைத்தது 19% தான்.

ஆனால் மறதி என்று வந்தால் டாய் சி பக்கமே சாய்கிறேன். அதே ஆராய்ச்சிக் குழு 2023-இல், ஞாபகம் குறைகிறது என்று சொன்ன 318 பேரை வைத்து, வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் இன்னொரு சோதனை செய்தது. டாய் சி செய்துகொண்டே மூளைக்கும் வேலை கொடுத்த பிரிவினர், சாதாரண டாய் சி செய்தவர்களைவிட அறிவுத்திறன் தேர்வில் முன்னேறினார்கள், யோசித்துக்கொண்டே நடக்கும்போது வரும் தடுமாற்றமும் குறைந்தது.

வைட்டமின் டி மாத்திரையைப் பற்றியும் கேட்பார்கள். குறைபாடு இருந்தால் டாக்டர் சொன்னபடி போடுங்கள், விழாமல் இருக்க என்று மட்டும் வாங்காதீர்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒடாகோ. அம்மாவுக்குக் கால் பலம்தான் முதல் பிரச்சினை, தெருவில் டாய் சி வகுப்பும் இல்லை. 65, 70 வயதில் கால் நன்றாக இருந்து, பெயர்கள் மட்டும் மறக்கத் தொடங்கியவருக்கு டாய் சியைத்தான் சொல்வேன். அடிக்கடி விழுகிறவர், தலைசுற்றல் உள்ளவர் முதலில் டாக்டரைப் பார்த்து, போடும் மாத்திரைகளையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். இப்போது ஆறாவது வாரம். அம்மா மேடையைப் பிடித்தபடி அடி வைக்க, நான் பக்கத்தில் நின்று அன்றைக்கு வாங்க வேண்டிய காய்களைக் கேட்கிறேன். முருங்கைக்காய் வரை நிற்காமல் வருகிறார், அதற்கப்புறம் கால் நிற்கிறது.